வலிக்காத காலையும் அளந்து பார்க்க வேண்டும்

செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமலே நாலடி தள்ளிப் போயிருப்பார் மனிதர். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் வீடுகளில் இது பழகிப்போன காட்சி. 'நரம்பு தளர்ந்துபோச்சு' என்று ஒரு வைட்டமின் மாத்திரை அட்டையோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்தக் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்ற கேள்வி எழுவதே இல்லை. எழ வேண்டும்.

கால் ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்து அடைபடும் நோய்க்குப் பாடப்புத்தக அடையாளம் ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். அமெரிக்காவின் சிகாகோவில் மேரி மெக்டெர்மாட் தலைமையிலான குழு, இந்த நோய் உள்ள 460 பேரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த அடையாளம் மூன்றில் ஒருவரிடம்தான் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நடக்கும்போது வலியே இல்லை.

வலி இல்லாததால் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ரத்தம் குறைந்தால் தசை மட்டுமல்ல, நரம்பும் பட்டினி கிடக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தை மேலே தூக்க உதவும் நரம்பு ஒன்று இருக்கிறது. அடைப்பு உள்ள கால்களில் இந்த நரம்பில் செய்தி செல்லும் வேகம் குறைந்திருப்பதை அதே குழு 2006-இல் காட்டியது. வலியை உணர வேண்டிய நரம்பே மங்கிவிட்டால், அபாயமணி அடிக்க யார் இருக்கிறார்கள்? சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2000-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், பெரியவர்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கால் ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அது 6.3 சதவீதம்.

கண்டுபிடிப்பது கடினமும் அல்ல. நோயாளியைப் படுக்கவைத்து, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையிலும் கணுக்காலிலும் மாற்றி மாற்றிக் கட்டுகிறார்கள். பேனா அளவு டாப்ளர் முனையைக் கணுக்காலில் வைத்தால், ரத்தம் ஓடுவது 'புஸ்... புஸ்...' என்று அறை முழுக்கக் கேட்கும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வருவது 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. நீண்டநாள் சர்க்கரையில் குழாய் இறுகி எண் பொய்யாக ஏறிக் காட்டலாம். அப்போது கால் கட்டைவிரலில் அளக்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கமோ சர்க்கரையோ உள்ள, ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு, வலி இருக்கிறதா என்று கேட்காமலே இதைச் செய்வதுதான் நியாயம்.

புகைப்பழக்கத்தை விடுவதும் மருத்துவர் தரும் மாத்திரைகளும் சிகிச்சையின் அடிப்படை. நடைப்பயிற்சியும் ஒரு மருந்துதான், ஆனால் உலாவினால் போதாது. 305 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கால் வலிக்கும் வேகத்தில் ஓராண்டு நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் முன்பைவிடச் சுமார் 34 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். வலிக்காமல் மெல்ல நடந்தவர்களுக்கு முன்னேற்றமே இல்லை. காலில் ஆறாத புண் இருப்பவர்களும், படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பவர்களும் மட்டும் நடையைத் தள்ளிவைத்துவிட்டு, உடனே ரத்தக்குழாய் மருத்துவரிடம் போக வேண்டும்.