குருத்தோலையை மடிக்காமல் கொடுங்கள்

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு. ஓசன்னா பாடித் தெருவைச் சுற்றி வந்தாயிற்று. பூசையோ ஆராதனையோ அதுவும் முடிந்தாயிற்று. இனி ஆலயத்தில் வேலையில்லை, வீட்டில்தான் இருக்கிறது. கையில் பிடித்து வந்த குருத்தோலையை என்ன செய்வது என்று தென் மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளில் யாரும் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, ஓலையை நீளவாக்கில் மடித்து, குறுக்கே ஒரு கண்ணி போட்டு இழுத்தால் சிலுவை. மிஞ்சிய ஓலையில் பிள்ளைகளுக்குக் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பீப்பி, பாம்பு. சிலுவை படத்துக்குப் பின்னாலோ வேதப் புத்தகத்துக்குள்ளோ போய்விடும். பீப்பி சத்தம் மட்டும் சாப்பாட்டு நேரம்வரை ஓயாது.

இப்போது சில ஆலயங்களில், முன்கூட்டியே மடித்து முடித்த சிலுவையை வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் புரியாமலில்லை. நீள ஓலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் முன்னால் போகிறவர் காதைக் குத்துவார்கள். தரையெல்லாம் நார் சிதறும். மடித்த சிலுவை சட்டைப் பையில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சிலுவையோடு வீட்டுக்குப் போகிறவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. பண்டிகையின் பாதியை, அதுவும் நல்ல பாதியை, அவரிடமிருந்து வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இயேசு எருசலேமுக்குள் நுழைந்த நிகழ்வை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. பேரீச்ச ஓலை என்று பெயர் சொல்லி எழுதியவர் யோவான் மட்டுமே. மத்தேயுவும் மாற்குவும் மரக்கிளை, தழை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; லூக்காவில் ஓலையும் இல்லை, கிளையும் இல்லை, வழியில் விரித்த மேலாடைகள்தான் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் போன எகேரியா என்ற பெண்மணி, ஒலிவ மலையிலிருந்து ஊருக்குள் இறங்கிவந்த பவனியைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். பேரீச்ச ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்திச் சிறுவர்கள் வந்தார்கள். நடக்கத் தெரியாத குழந்தைகளைப் பெற்றவர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். அங்கே வளர்ந்த மரம் எதுவோ அதன் கிளை கைக்கு வந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் ஓலையே இல்லாத ஊர்களும் இந்த ஞாயிற்றைக் கைவிடவில்லை. ரஷ்யாவில் பனி கரையும்போது முதலில் பஞ்சு மொட்டு விடும் வில்லோ மரக் கிளையைப் பிடிக்கிறார்கள். லித்துவேனியாவில் காய்ந்த பூக்களையும் புல் கதிர்களையும் ஒரு குச்சியில் வரிவரியாகக் கட்டுகிறார்கள். போலந்துக்காரர்கள் இதைப் போட்டியாகவே ஆக்கிவிட்டார்கள். தெற்கே லிப்னிட்ஸா முரோவானா என்ற கிராமத்தில் 1958 முதல் நடக்கும் போட்டியில், வில்லோக் கழிகளைச் சேர்த்துக் கட்டி உச்சியில் பூ வைத்த ‘ஓலை’கள் 30 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. வடகிழக்கே குர்பியே பகுதியில் அதைச் சுற்றும் காகிதப் பூக்களை வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். தவக்காலத்தில் கறியை விட்டோம், கொண்டாட்டத்தை விட்டோம் என்று விட்டதையே கணக்குப் பார்க்கிறோம்; அந்த வீடுகளில் அதே நாள்களில் கைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

ஓலை முடைவதைக் கலையாகவே வளர்த்த ஊர் ஸ்பெயினின் எல்சே. அராபியர் காலத்தில் வாய்க்கால் வெட்டி வளர்த்த பேரீச்சந்தோப்பு அங்கே இருக்கிறது. சுமார் 2 லட்சம் மரங்கள். 2000இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மரத்தின் கொண்டையைச் சேர்த்துக் கட்டி, மேலே உறை போட்டு, மாதக்கணக்கில் வெயில் படாமல் வைக்கிறார்கள். வெளிச்சம் இல்லாததால் ஓலையில் பச்சையம் உண்டாவதில்லை. வெளிறிய, வளைத்தால் ஒடியாத ஓலை கிடைக்கிறது. அதைக் கீறி, முடைந்து, பூவும் சங்கிலியும் கோபுரமுமாக ஆக்குகிறார்கள். வேலை தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. கேட்டலோனியாவில் ஞானப்பெற்றோர் தங்கள் ஞானப்பிள்ளைக்கு இந்த ஓலையை வாங்கித் தருவது வழக்கம். பவனி முடிந்ததும் அது வீட்டு முகப்பு மாடத்தில் கட்டப்பட்டு, அடுத்த ஆண்டுவரை அங்கேயே காயும்.

எல்சேக்காரர்கள் உறை போட்டுச் செய்வதைத் தென்னை தானாகவே செய்து தருகிறது. கொண்டையின் நடுவில் இன்னும் விரியாமல் ஈட்டிபோல நிற்கும் குருத்துக்குள் வெளிச்சம் போவதில்லை. அதனால் மஞ்சள் நிறம், அதனால் மென்மை.

ஆனால் தென்னைக்கு இருப்பது ஒரே ஒரு வளர்முனை. ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். குருத்தை வெட்டினால் அந்தப் பாளைக்கு உணவு தயாரிக்க வேண்டிய மட்டை போய்விடுகிறது. பச்சை வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். பங்குனி உத்திரமும் குருத்தோலை ஞாயிறும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், பல ஆண்டுகளில் கோயில் தோரணத்துக்கும் தேவாலயப் பவனிக்கும் ஒரே வாரத்தில் குருத்து தேவைப்படுகிறது. தோப்பு வைத்திருப்பவர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

கொலம்பியாவில் இது முகச்சுளிப்போடு நிற்கவில்லை. ஆண்டிஸ் மலையில் 60 மீட்டர்வரை உயரும் மெழுகுப்பனை அந்நாட்டின் தேசிய மரம். 1985இல் சட்டம் போட்டு அறிவித்தார்கள். அதன் இளம் ஓலைகளைத்தான் குருத்தோலை ஞாயிற்றுக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். காடழிப்போடு இதுவும் சேர்ந்துகொண்டதில், அந்தப் பனையின் பொந்துகளையே நம்பி வாழும் மஞ்சள்காதுக் கிளி அழிந்துவிட்டதோ என்று அஞ்சும் நிலை வந்தது. 1999இல் தொலிமா மாகாணத்தில் 81 கிளிகள் கண்ணில் பட்டன. பறவை ஆர்வலர்கள் பாதிரியார்களிடம் போய்ப் பேசினார்கள். மக்காச்சோளத் தோகை, வேறு பனைகளின் ஓலை, நட்டு வளர்க்கக்கூடிய நாற்று என்று பவனிக்கு மாற்று வந்தது. கிளிகளின் எண்ணிக்கை பின்னர் 1000ஐத் தாண்டியது. ஓலை மாறியதால் பவனி நின்றுவிடவில்லை.

நம் தென்னைக்கு அந்த அபாயம் இல்லை, கணக்குதான் தேவை. ஒரு தென்னங்குருத்தில் 200க்கும் குறையாத ஓலைகள் இருக்கும். ஆளுக்கு ஓர் ஓலை என்றால் 1000 பேர் வரும் ஆலயத்துக்கு ஐந்து குருத்து போதும். ஐந்தையும் ஐந்து மரங்களிலிருந்து, மரத்துக்கு ஒன்றாக எடுக்கலாம். மடித்த சிலுவைகளை மொத்தமாக விலைக்கு வாங்கும்போது எத்தனை குருத்து வெட்டப்பட்டது, எந்தத் தோப்பில், ஒரே மரத்தில் எத்தனை முறை என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

பங்குத்தந்தையரும் சபைக் குருமாரும் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. சனிக்கிழமை மாலையே குருத்தைக் கொண்டுவந்து, ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம்; இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் விளிம்பு சுருண்டு மடிக்க வராது. மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பள்ளியிலும் அன்றைக்குப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஊரில் ஓலை மடிக்கத் தெரிந்த பாட்டிகளை, தோரணம் கட்டுகிற அண்ணன்மாரை உட்கார வைக்கலாம். அந்த அண்ணன் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. கல்யாணப் பந்தலுக்குக் கிளி மடிக்கிற விரல் சிலுவையும் மடிக்கும். கூடவே ஒரு நிபந்தனை: செல்பேசியில் காணொளி பார்த்து மடிப்பவர்களையும் கேலி செய்யாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுக்க ஆளில்லாத நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு இப்போது அதுதான் பாட்டி.

கத்தோலிக்க ஆலயங்களில் அடுத்த ஆண்டுத் திருநீற்றுப் புதனுக்கு முன் பழைய ஓலைகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுகிறார்கள். அப்போது வரும் கூடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒன்று கோணல், ஒன்றுக்குக் கை நீளம், ஒன்று அவிழ்ந்து வெறும் ஓலையாகவே திரும்பியிருக்கும், எப்படியோ ஒரு பாம்பும் உள்ளே வந்திருக்கும். பாம்பையும் சேர்த்தே எரிக்கலாம். பவனி ஒழுங்கில்லாமல் போகுமே, காதைக் குத்துவார்களே என்றால், ஆமாம், கொஞ்சம் குத்துவார்கள்தான்.