மாடு கொடுத்தீர்கள், புல் எங்கே?

கோடை வந்துவிட்டால் கால்நடைத் துறையின் அறிவுரையும் வந்துவிடும். கொட்டகையை உயரமாகப் போடுங்கள், கூரைமேல் தென்னங்கீற்று பரப்புங்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், கோ-4 புல் வளருங்கள். தப்பேதும் இல்லை. வெயிலில் கலப்பினப் பசு மூச்சிரைக்கும், தீனி எடுக்காது, பால் வற்றும், சினையும் பிடிக்காது. ஆனால் யாரிடம் சொல்கிறீர்கள்?

ராமநாதபுரத்துச் சேரியில் இரண்டு சென்ட் மனையில் வீடு போக மிச்சம் எவ்வளவு? கறவை மாடு கோடையில் நாளுக்கு 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதையும் எங்கள் பெண்கள்தான் குடத்தில் சுமக்கிறார்கள். கோ-4 கரணைக்கு வாரம் ஒரு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணறு ஊர்க்காரருடையது. 2011-இல் இலவசக் கறவை மாடு கொடுத்தார்கள். புல் வளர்க்க ஒரு குழி நிலமாவது கொடுத்தார்களா?

நிலம் புதிதாகக் கேட்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892-இல் எங்களுக்கென்றே ஒதுக்கிய பஞ்சமி நிலம் இருக்கிறது. இன்று அதில் யார் வீட்டு மாடு மேய்கிறது? மேய்க்கால் புறம்போக்கும் அப்படித்தான்: பாதி ஆக்கிரமிப்பு, பாதி சீமைக்கருவேலம்.

இத்தனையும் தாண்டிக் கறந்து கொண்டுபோனால், சேரிப் பால் என்று முகம் சுளிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே ஆட்கள் மாடு செத்தால் தூக்க மட்டும் ஆள் அனுப்புவார்கள்!

ஆக்கிரமிப்பை அகற்றுங்கள். மேய்க்கால் நிலத்தில் ஒரு பம்புசெட் போட்டு, தீவனம் வளர்க்கச் சேரிப் பெண்கள் குழுக்களிடம் விடுங்கள். பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடுங்கள். ஈரச் சாக்கை நாங்களே தொங்கவிட்டுக்கொள்வோம்.