ஒரு துளைதானே என்று டிரில்லை எடுக்காதீர்கள்: வீட்டில் கட்டிய விமானத்தில் கருவி பொருத்துவது எப்படி?

அசோக் நகரில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு. ஸ்ப்ளிட் ஏசி மாட்ட ஆள் வந்திருக்கிறார். காப்பர் பைப் வெளியே போக வழி வேண்டும். சுவரில் துளை போட்டால் பைப் நான்கு அடி சுற்றிப் போகணும். பீமில் போட்டால் நேர் வழி. "சின்ன ஓட்டைதான் சார், ஒண்ணும் ஆகாது" என்பார். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் அங்கேயே தடுத்துவிடுவார். சுவர் வேறு, பீம் வேறு. தளத்தின் பாரம் பீம் வழியாகத்தான் தூணுக்கு இறங்குகிறது.

தன் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. கேமரா மாட்டணும், ஆன்டெனா வைக்கணும், இன்னொரு பேட்டரி வேண்டும். எங்கே துளை போடுவது? வீட்டில் தவறினால் விரிசலைப் பார்த்து ஆள் கூப்பிட நேரம் கிடைக்கலாம். 3,000 அடி உயரத்தில் அந்த அவகாசம் கிடையாது.

வீட்டில் விமானம் எல்லாம் கட்டுகிறார்களா?

கட்டுகிறார்கள். அதில் சென்னைக்கு நூறு வயதைத் தாண்டிய சரித்திரம் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், தன் விமானத்தைச் சிம்ப்சன் கம்பெனியில் செய்து வாங்கி, பல்லாவரத்தில் சோதித்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார்.

நம் காலத்தில் மும்பை விமானி அமோல் யாதவ். காந்திவலியில் குடும்பம் வசிக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் அலைந்த பிறகு 2017-ல்தான் அதற்குப் பதிவு கிடைத்தது. பறக்கும் அனுமதி வந்தது 2019-ல். வெளிநாடுகளில் பாகங்களைக் கிட்டாக வாங்கி, கார் ஷெட்டில் வைத்து விமானம் கட்டுவது சாதாரண பொழுதுபோக்கு. அப்படிக் கட்டி முடித்தவர்களுக்கு வரும் அடுத்த ஆசைதான் இந்தக் கருவிகள்.

எங்கே கை வைக்கக் கூடாது?

இறக்கைக்குள் நீளமாக ஓடும் ஸ்பார்தான் விமானத்தின் பீம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் மெல்லிய தகடு நடுவில். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல் பட்டை நசுங்கும், கீழ்ப் பட்டை இழுபடும். இழுபடும் பட்டையில் புதிதாகத் துளை போடுவது எல்லாவற்றிலும் மோசமான காரியம்.

'நடுத் தகட்டில் ஏற்கெனவே வட்ட வட்டமாக ஓட்டைகள் இருக்கிறதே?' என்று தோன்றலாம். அவை எடை குறைக்க, வடிவமைத்தவர் கணக்குப் போட்டு வைத்தவை. அவற்றைக் காட்டி நாம் இன்னொன்று போட முடியாது.

உடல் பகுதியில் நீளமாக ஓடும் லாஞ்சரான், இறக்கையும் வாலும் உடலோடு சேரும் இடங்கள், எஞ்சின் மவுண்ட் எல்லாம் இதே பட்டியல்தான். அசையும் பாகங்களான அய்லரான், எலிவேட்டர், ரட்டர் ஆகியவற்றில் எடை கூட்டவே கூடாது. அவற்றின் சமநிலை குலைந்தால் வேகத்தில் தானாக அதிர ஆரம்பிக்கும். 'ஃப்ளட்டர்' எனப்படும் இந்த அதிர்வு சில நொடிகளில் பாகத்தையே பிய்த்துவிடக்கூடும்.

ஒரு துளை என்ன செய்துவிடும்?

அகலமான தகட்டை இரண்டு பக்கமும் இழுக்கிறோம். நடுவில் சின்ன வட்டத் துளை இருந்தால், அதன் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் சுமார் 3 மடங்காகும். ஓரம் பிசிறாக இருந்தால் இன்னும் மோசம். அன்றைக்கே உடையாது. ஒவ்வொரு பறப்பிலும், ஒவ்வொரு காற்றுக் குலுக்கலிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். 'நேற்று வரை நன்றாகத்தானே பறந்தது' என்ற வாதம் இங்கே செல்லாது என்பது அதனால்தான்.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவு அருகே ஒரு காமெட் நடுவானில் உடைந்து, 35 பேர் இறந்தனர். கடலிலிருந்து எடுத்த துண்டுகளை ஆராய்ந்தபோது, விரிசல் தொடங்கிய இடம் கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை அருகே இருந்த ஒரு துளை என்று தெரிந்தது. பெரிய கம்பெனியின் தேர்ந்த பொறியாளர்கள் வரைந்த திறப்பு அது. கார் ஷெட்டில் டிரில் பிடிப்பவர் எவ்வளவு யோசிக்கணும்?

2 கிலோ எப்போது 18 கிலோ ஆகும்?

மேஜையில் 2 கிலோ உள்ள கருவி, விமானம் திடீரென்று நிற்கும்போது 2 கிலோவாக இருக்காது. அமெரிக்க விமானத் துறையின் மாற்றங்களுக்கான கையேடு, முன்னோக்கிய திசையில் எடையைப்போல் 9 மடங்கு விசையை பிராக்கெட் தாங்கணும் என்கிறது. அதாவது 18 கிலோ. சோதிப்பது எளிது. பிராக்கெட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி அந்த அளவுக்கு இழுத்துப் பாருங்கள். வளைந்தாலோ ரிவெட் அசைந்தாலோ அது விமானத்துக்கு ஆகாது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ஈர்ப்பு மையத்துக்கு 3 மீட்டர் பின்னால் வைத்த 2 கிலோ பேட்டரி, 1 மீட்டர் பின்னால் வைத்த 6 கிலோவுக்குச் சமம். வால் பக்கம் கனம் எல்லை தாண்டினால் மூக்கைக் கீழே இறக்கவே முடியாமல் போகலாம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எடை, சமநிலைக் கணக்கைத் திரும்பப் போடணும்.

அப்போ எப்படித்தான் பொருத்துவது?

முதல் வழி, துளையே போடாமல் இருப்பது. ஏற்கெனவே இருக்கும் போல்ட் இடங்களைப் பயன்படுத்தலாமா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள். ஸ்டீல் குழாய்ச் சட்டம் என்றால் ரப்பர் வைத்த கிளாம்ப் போதும். குழாயைத் துளைக்க வேண்டாம்.

ஆன்டெனா மாதிரி, வெளித் தகட்டில் துளை தவிர்க்க முடியாதது என்றால், உள்ளே இன்னொரு தகடு வைத்து ரிவெட் அடித்துப் பலப்படுத்தணும். துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது துளை விட்டத்தின் 2 மடங்கு தள்ளி இருக்கணும். பிசிறை முழுக்க நீக்கணும். கார்பன் ஃபைபரும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். சென்னையின் உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மர விமானத்தில் போட்ட துளையைச் சீல் செய்யாவிட்டால் ஈரம் உள்ளே போய் மரம் உளுத்துவிடும்.

பலமாக இருந்தால் போதுமா?

போதாது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது இன்னொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானம். எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வு, மூல வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். அதைத் திருப்ப உடம்பையே திருப்பணும். அப்படித் திரும்பும்போது தெரியாமல் ரட்டர் பெடலை அழுத்திவிட்டார் என்பது விசாரணையில் வந்த முடிவு. அன்றைக்கு எந்தப் பாகமும் உடையவில்லை. ஒரு கருவியின் இடம் மட்டும்தான் மாறியிருந்தது. மாற்றியவர் ஒருவர், உயிர் போனது இன்னொருவருக்கு.

என் விமானம், என் இஷ்டம்?

அமெரிக்காவில் கட்டியவருக்குச் சுதந்திரம் அதிகம். ஆனாலும் பெரிய மாற்றம் செய்தால் விமானத் துறைக்குத் தெரிவித்து, திரும்பவும் சோதனைப் பறப்பு செய்யணும். பிரிட்டனில் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனிடம் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கணும். அதன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவரும் பெரும்பாலும் இதே பொழுதுபோக்கில் ஊறியவர்.

இந்தியாவுக்குப் பிரிட்டன் வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து. அனுமதி கிடைப்பது எளிதாகணும் என்ற கோரிக்கை முழுக்க நியாயமானது. மொட்டைமாடியில் விமானம் கட்டியவரை ஆண்டுக்கணக்கில் அலையவிட்டது பெருமையான விஷயம் இல்லை. ஆனால் அனுமதிக்குப் பிறகு வரும் மாற்றங்களைப் பார்க்க இரண்டாவது ஜோடிக் கண்கள் கட்டாயம் வேண்டும்.

'ஒரு பிராக்கெட்டுக்கும் டெல்லிக்குக் கடிதமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். மூன்று படிகள் போதும். துளை இல்லாத கிளாம்ப் என்றால் லாக் புக்கில் எடையோடு ஒரு பதிவு. வெளித் தகட்டில் துளை என்றால் இன்னொரு பொறியாளரின் கையெழுத்து. ஸ்பார், லாஞ்சரான், அசையும் பாகங்கள் என்றால் வடிவமைத்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதல், அதற்குப் பிறகு சோதனைப் பறப்பு.

கையெழுத்துப் போட ஆளுக்கும் பஞ்சம் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-லிருந்து விமானப் பொறியாளர்களை உருவாக்கிவருகிறது. கிண்டியில் ஐஐடி இருக்கிறது. விமானங்களைப் பராமரித்து ஓய்வுபெற்றவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இவர்களில் விருப்பம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, டிஜிசிஏ அங்கீகாரம் கொடுத்தாலே வேலை பாதி முடிந்துவிடும்.

அந்த ஏற்பாடு வரும்வரை, கட்டுகிறவர்கள் தாங்களே தொடங்கலாம். டிரில்லை எடுப்பதற்கு முன், எங்கே, எதற்கு, எத்தனை கிராம் என்று ஒரு தாளில் எழுதி, விவரம் தெரிந்த இன்னொருவரிடம் காட்டுங்கள். அவர் 'ஏன்?' என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இல்லையென்றால், அந்தத் துளையை இன்றைக்குப் போட வேண்டாம்.