காளியின் நாக்கும் லெகோ கற்களும்

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் ஒரு பாடலையேனும் கேட்டிராதவர்களும் அதன் இலச்சினையை அறிவர். விரிந்த செவ்விதழ்கள், வெளியே நீண்ட நாக்கு. 1962இல் தோன்றிய அக்குழுவின் அறுபதாண்டு நிறைவையொட்டி, டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2022இல் இந்த இலச்சினையை 1,998 துண்டுகளில் கட்டியெழுப்பும் சுவர்ப்படமாக வெளியிட்டது. பதினெட்டு வயதைக் கடந்தோருக்கான விளையாட்டுப் பொருள் அது!

பெட்டியை வாங்க வசதியில்லாதோர் கையிலிருக்கும் கற்களைக் கொண்டே இதனைச் செய்து பார்க்கின்றனர். எளிய வேலையன்று. சதுரக் கல்லில் வளைவு கிடையாது. சதுரக் கோடிட்ட கொப்பித் தாளில் படத்தை வரைந்து, கட்டத்துக்கொரு கல்லென எண்ணி, உதட்டின் வளைவைச் சிறு சிறு படிகளாக மாற்ற வேண்டும். அருகில் நின்றால் படிக்கட்டு; பத்தடி விலகினால் உதடு. புள்ளி வைத்துக் கோலமிட்டுப் பழகிய கைகளுக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு நிலாவெளி வந்திருந்த உறவுக்காரச் சிறுவன் ஒருவன் இம்முயற்சியில் மூழ்கியிருந்தான். உதடுகள் இன்னும் உருவாகவில்லை; சிவந்த நாக்கு மட்டும் நீண்டு கிடந்தது. எட்டிப் பார்த்த அவனது அம்மம்மா, திருகோணமலை நகரத்துப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குத் தவறாமற் போய்வருபவர், "இது எங்கட அம்மாளின்ர நாக்கெல்லோ!" என்றார். எல்லோரும் சிரித்தனர். சிரிப்பதற்கு அதில் எதுவுமில்லை. அவர் சொன்னதே வரலாறு.

இந்த வாய் மிக் ஜாகருடையது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், 1970இல் இலண்டன் றோயல் கலைக்கல்லூரி மாணவராயிருந்த ஜோன் பாஷ் என்பவரிடம் ஜாகர் காட்டியது காளியின் படமொன்றை. அதிலிருந்த நீட்டிய நாக்கிலிருந்தே இலச்சினை பிறந்தது. மாணவருக்குக் கிடைத்த கூலி 50 பவுண். 1971இல் இசைத்தட்டுடன் வெளிவந்த அச்சின்னத்தின் மூல ஓவியத்தை, 2008இல் இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம் 92,500 டொலருக்கு வாங்கியது.

இச்செய்தியைக் கேட்டதும் நம்மவரிடம் இருவகை எதிர்வினைகள் எழும். தெய்வத்தை விளையாட்டுப் பொருளாக்கிவிட்டார்கள் என்ற சினம் ஒன்று. எல்லாம் நம்மிடமிருந்து போனவையே என்ற பெருமிதம் மற்றொன்று. இரண்டும் சிந்திக்கும் சிரமத்தைத் தவிர்ப்பவை என்பது என் கருத்து. பாஷ் காளியைப் பிரதி செய்யவில்லை. ஒரு நாக்கை எடுத்து, அதைக் கொண்டு அடங்க மறுக்கும் வேறொரு முகத்தைப் படைத்தார். கலை எப்போதும் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது.

என் ஆதங்கம் வேறு. இக்கதையைச் சொல்வோர் ஜாகரைச் சொல்கின்றனர், பாஷைச் சொல்கின்றனர், லெகோவைச் சொல்கின்றனர். ஜாகர் கையிலிருந்த காளியை வரைந்தவர் யார் என்று கேட்பாரில்லை. அந்நியரைக் குறைகூறுமுன் நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த கொண்டையராஜுவின் தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி எண்ணற்ற இல்லங்களின் நாட்காட்டிகளாயின. அவற்றின் முன் கைகூப்பியவர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

நமது கோயில்கள் பலவற்றில் மின்விசிறியின் இறக்கையிற்கூட உபயகாரர் பெயரைக் காணலாம். கோபுரத்துச் சுதைச் சிற்பத்துக்கு வண்ணம் தீட்டியவர், திரைச்சீலையில் அம்மனை எழுதியவர் ஆகியோரின் பெயர்களைத் தேடினாலும் கிடைப்பது அரிது. 50 பவுண் கூலி பெற்ற மாணவனின் பெயராவது நிலைத்தது. நம் கலைஞனுக்குக் கூலியோடு கதை முடிந்துவிடுகிறது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அடுத்த கும்பாபிஷேக மலரில் உபயகாரர் பட்டியலுக்கு அருகே ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். வரைந்தவர், வடித்தவர், வண்ணமிட்டவர் ஆகியோரின் பெயரும் ஊரும் அதில் இடம்பெறட்டும்.