ரோபோ இல்லையா? பகடை போதும்!

2020 ஊரடங்கில் சென்னை சத்தியன் வீட்டிலேயே ரோபோவோடு டேபிள் டென்னிஸ் பழகினார். பந்தை மாற்றி மாற்றி வீசவைக்க அதில் வழி உண்டு. எங்க தூத்துக்குடியில் கூட்டாளிதான் ரோபோ :-) ஒரே இடத்தில் நூறு பந்து போடுவான், ஃபோர்ஹேண்ட் ஜோராக விழும். ஆனால் மேட்சில் எவன் இடத்தைச் சொல்லிவிட்டு அடிக்கிறான்?

1979-ல் ஷே, மார்கன் இருவரும் கையசைவுகளை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியில் முந்தினார்கள். கலந்து பழகியவர்களுக்கோ பத்து நாள் கழித்தும் நன்றாக நினைவிருந்தது.

ஸ்ட்ரோக் படியும்வரை ஒரே இடம் சரி. பிறகு பகடையை இருபது தடவை உருட்டி, ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா நடுவிலா என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கூட்டாளியிடம் கொடுங்கள். அவன் இஷ்டத்துக்கு விட்டால் பழக்கதோஷத்தில் ஒரு வரிசை வந்துவிடும், நாமும் கண்டுபிடித்துவிடுவோம்.

முதல் வாரம் பந்து பொறுக்கியே முதுகு ஒடியும். பக்கத்து டேபிள்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.