துபாய் ஸ்கூலுக்குத் தோட்டத்தை விக்கணுமா?

எங்க அக்கா மகன் குடும்பத்தோட துபாய் போறான். பிள்ளையை பிரிட்டிஷ் ஸ்கூல்ல சேர்க்க, இருக்கிற ரெண்டு ஏக்கர்ல ஒண்ணைக் குடுத்துடலாமா மாமான்னு கேட்டான். கூடவே கூடாதுன்னுட்டேன்.

வளைகுடா வேலை எத்தனை நாளைக்குன்னு யாருக்கும் தெரியாது. வேலை போனா விசாவும் போச்சு. அங்கே சி.பி.எஸ்.இ. ஸ்கூல்கள் நிறைய இருக்கு. ஃபீஸ் பொதுவா பிரிட்டிஷ் ஸ்கூலைவிட ரொம்பக் குறைவு. நம்ம ஊர்ப் பாடம்தான், ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியும். திடீர்னு திரும்பி வந்தாலும் இங்கே அதே வகுப்புல உட்காரலாம். பிரிட்டிஷ் பள்ளிக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்லதான் வருஷம் பிறக்கும், பாடத்திட்டமும் வேற.

மாடு வாங்கப் போறவன் மணியைப் பார்ப்பானா, மடியைப் பார்ப்பானா? துபாய்ல கே.எச்.டி.ஏ.ன்னு ஒரு அரசு அமைப்பு தனியார் பள்ளிகளைச் சோதிச்சுத் தரம் போடுது. அந்த அறிக்கையும் வகுப்புவாரி ஃபீஸும் அவங்க வெப்சைட்லயே கிடைக்கும். அதைப் படிங்க, பள்ளிக்கூடக் கட்டடத்து போட்டோவை அப்புறம் பார்த்துக்கலாம். பஸ், யூனிஃபார்ம், புத்தகச் செலவு தனி. பஸ் கட்டணத்தைக் கேட்டுட்டு வீடு பாருங்க.

இன்னொண்ணு, தமிழ் சொல்லித் தர்றாங்களான்னு கேளுங்க. அரபி கட்டாயம், அதோட ஹிந்திதான் அதிகம் கிடைக்கும். தமிழ் இல்லேன்னா வீட்டுல தினம் அரைமணி நேரம் நீங்களே உட்காரணும். லீவுக்கு வர்ற பிள்ளை அப்பத்தாகிட்டப் பேசணுமில்ல?