ரயில் யாருடையது, வேலை யாருக்கு?

அதிகாலை 4 மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரைக்கு ரயில் புறப்படுகிறது. வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய அந்த ரயில், 2024 மே 2 முதல் நம் ஊர்வரை நீட்டிக்கப்பட்டது. அப்போது கட்டணம் 50 ரூபாய். கட்டட வேலைக்கும் கல்லூரிக்கும் அரசு மருத்துவமனைக்கும் போகிற நம் மக்கள் சென்னைக்குப் போக முடியுமா, முடியாதா என்பதைக் கட்டணம்தான் முடிவு செய்கிறது.

ரயிலைத் தனியாரிடம் விட்டால் சுத்தமும் நேரமும் கிடைக்கும் என்கிறார்கள். 2020 ஜூலையில் ஒன்றிய அரசு, 151 தனியார் ரயில்களை இயக்க நிறுவனங்களை அழைத்தது. ஓட்டுநரும் கார்டும் ரயில்வே ஊழியர்களாக இருப்பார்கள். கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கலாம் என்பது ஏற்பாடு. போதிய நிறுவனங்கள் வராததால் அது நின்றது. ஆனால் 2022 ஜூனில், ‘பாரத் கௌரவ்’ திட்டத்தில் கோவையிலிருந்து சீரடிக்குத் தனியார் நடத்திய ரயில் ஓடியது.

நாம் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமல்ல, வேலையையும்தான். ரயில்வே பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர் ‘குரூப் டி’ தேர்வு எழுதி நிரந்தர ஊழியராகலாம். தனியார் அமர்த்தும் பணியாளருக்கு இந்த இடஒதுக்கீடு கிடையாது.

இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நிலையங்களையும் பெட்டிகளையும் சுத்தம் செய்யும் வேலை பல இடங்களில் ஒப்பந்ததாரரிடம் போனது. நிரந்தரம் போனது, இடஒதுக்கீடு போனது. துடைப்பம் மட்டும் அதே கைகளில் இருக்கிறது.

அரசு நடத்தினாலே நீதி வந்துவிடாது. கொரோனா காலத்தில் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கியதும், மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியதும் அரசுதான். ஆனால் அந்த 30 ரூபாய், 2024 தொடக்கத்தில் மீண்டும் 10 ஆனது. அரசைக் கேள்வி கேட்க நாடாளுமன்றமும் தகவல் உரிமைச் சட்டமும் தேர்தலும் இருக்கின்றன. லாபக் கணக்குப் பார்க்கிற நிறுவனத்தை நாம் எங்கே போய்க் கேட்பது?

1990-களில் பயணிகள் ரயிலைத் தனியாருக்கு விட்ட பிரிட்டன், 2024-இல் சட்டம் இயற்றி, 2025 மே முதல் ஒவ்வொரு நிறுவனத்தின் சேவையாக அரசிடம் மீட்டு வருகிறது. அங்கே விட்டுப் பார்த்துத் திரும்புகிற பாதையில் நாம் ஏன் புறப்பட வேண்டும்?

குரூப் டி தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளே, பாடத்தோடு இதையும் படியுங்கள். ஒப்பந்தப் பணியிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனு கொடுங்கள். நீங்கள் தேர்ச்சி பெறும்போது அந்த வேலை இருக்க வேண்டும்.